மயில்கழுத்து ரவிக்கையின் உள்பக்கம்

பாவி, நீ செய்த வேலை போன செவ்வாய்க்கிழமைதான் வெளிச்சத்துக்கு வந்தது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இனி உன் தையல் மெஷின் முன்னால் வந்து நின்று சண்டை போட முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் கையை விட்டு அந்த மயில்கழுத்துப் பட்டு ரவிக்கையை எடுத்தேன். பாச்சா உருண்டை வாசனையோடு வந்தது. எதற்கு எடுத்தேன் தெரியுமா? பெருமை அடித்துக்கொள்ளத்தான். மகள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள், பிள்ளைக்கு ஐந்து மாதம். நாள் முழுக்க என் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு வளைய வருகிறாள். அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டியவள், விட்டுவிடலாமா என்று முனக ஆரம்பித்திருந்தாள். கேட்டால் பிள்ளை சின்னது என்கிறாள். கண்ணாடி முன்னால் நிற்காமல் தலை வாரிக்கொள்கிறவளுக்கு என்ன கஷ்டம் என்று எனக்கா தெரியாது?

"உன்னைப் பெத்து அஞ்சாம் மாசம் இதைப் போட்டேன். ஆறு கொக்கியும் மாட்டுச்சு. மனசு வெச்சா முடியும்" என்று சொல்லி ரவிக்கையை அவள் மடியில் போட்டேன். இதை நான் அவளிடம் சொல்வது எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது. ஆனால் சாமானைக் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவள் தையல் வகுப்புக்குப் போனவள். ரவிக்கையைக் கையில் கொடுத்தால் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். திருப்பினாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். பிறகு என் மூக்குக்கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்து, பார் என்றாள். பக்கத் தையலை ஒட்டி வரிசையாக ஊசித் துளைகள். இந்தப் பக்கம் நாலு வரி, அந்தப் பக்கம் நாலு வரி. பிரித்துப் பிரித்து வெளியே தள்ளித் தைத்த தடம். அதுவும் போதாமல் இரண்டு அக்குளுக்குக் கீழும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒட்டுத்துணி. நிறம் என்னவோ மயில்கழுத்துதான், பட்டு மட்டும் இல்லை.

"அம்மா, நீ இளைக்கவே இல்ல. ரவிக்கைதான் பெருத்திருக்கு" என்றாள்.

இருபத்தாறு வருஷம்! இந்த ஊரில் நான் எத்தனை பேரிடம் வாய் கிழியப் பேசியிருப்பேன்? நீயும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டுதானே இருந்தாய்?

மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பின்னால் நாலு குடித்தனமும் ஒரே குழாயும் இருந்த வீட்டை எப்படி மறப்பேன்? வாசல் அறை உன்னுடையது. ஜன்னலோரம் தையல் மெஷின், கழுத்தில் எந்நேரமும் மாலையாக டேப். சாந்தோம் பக்கம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்து, அச்சாபீஸ்காரரைக் கட்டிக்கொண்டு மாம்பலத்துக்கு வந்தவள் நீ. தெற்கே ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்து, டைப்ரைட்டிங் பாஸ் செய்து பீச் ஸ்டேஷன் பக்கத்து ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். நமக்குள் ஒரே வயது. உனக்கு அப்போதே மூன்று பிள்ளைகள். "மே" போட்டு நீ என்னைக் கூப்பிட்டது முதல் நாள் எனக்குக் கோபமாக வந்தது. மறு மாதம் நானே உன்னை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மாமியாருக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை.

அந்த மாமியார்தான் என்னை உப்பவைத்ததும். பச்சை உடம்பு, பச்சை உடம்பு என்று சொல்லியே லேகியமும் பூண்டும் நெய்யும் நல்லெண்ணெயுமாக ஊட்டித் தீர்த்தார். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டுமே. மூன்றாம் மாதம் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தால் பத்து ரவிக்கையில் ஒன்றுகூடச் சேரவில்லை. மாசி மாத வெயிலில் தோளோடு முந்தானையைப் போர்த்திக்கொண்டு, குளிருகிறது என்று சொல்லித் திரிந்தேன். மெட்ராஸில் குளிருகிறது என்றால் எவன் நம்புவான்? என் வீட்டுக்காரர் நம்பினார். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காத மனுஷன் எதையும் நம்புவார்.

ஆபீஸுக்குப் போட வெள்ளையில் ஆறு ரவிக்கைக்குத் துணி வாங்கி உன்னிடம் கொண்டு வந்தேன். அளவுக்கு இந்தக் கல்யாண ரவிக்கையைக் கொடுத்தேன். அளவு ரவிக்கை கொடுத்துவிட்டால் டேப் வேலை இல்லை, அதுதானே வசதி. நீ அதையும் பார்த்தாய், என்னையும் பார்த்தாய். "இது யாருது, உன் தங்கச்சிதா?" என்று கேட்டுக்கொண்டே கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாய். நான் பின்னால் நகர்ந்தேன். டேப் என் மேல் பட்டால் அப்புறம் உன்னோடு பேச்சே இல்லை என்றேன். டேப் படவில்லை, ஆனாலும் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாம் நாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்தேன். நீ மார்க்கெட் பக்கம் போகிறாயே, தபால்பெட்டியில் போட்டுவிடு என்றேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டாய். பிள்ளை சின்னது, அதனால் வேலையை விடுகிறேன் என்றேன். நீ ஒரு பார்வை பார்த்தாய் பார், அதில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினேன். எங்கள் டைப்பிஸ்ட் வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தி பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தபோது அவளுக்குத் தண்ணி டாங்கி என்று பேர் வைத்தோம். வைத்தோம் என்ன வைத்தோம், வைத்தவளே நான்தான். இப்போது அதே வரிசையில் நான் எந்த முகத்தோடு போய் உட்காருவேன்?

நீ சிரிக்கவில்லை. "ஏம்மே, ஜாக்கெட்டு பத்தலன்னா ஜாக்கெட்டத்தான் மாத்துவாங்க. நீ இன்னாடான்னா வேலைய வுடறேன்றியே" என்றாய்.

எனக்கு ஏறவில்லை. லீவு முடிகிற நாளுக்குள் இந்தக் கல்யாண ரவிக்கை எனக்குச் சேர வேண்டும், சேர்ந்தால் வேலைக்குப் போவேன், சேராவிட்டால் கடிதம் தபாலுக்குப் போகும் என்று உன் முன்னாலேயே சபதம் போட்டேன். நீ கடிதத்தை வாங்கி மெஷின் டிராயரில் பாபினுக்கும் சாக்கட்டிக்கும் நடுவில் போட்டு மூடினாய். ரவிக்கையும் இங்கேயே இருக்கட்டும், சேராத மற்ற ஒன்பதையும் கொண்டு வா, பிரித்துப் பிள்ளைக்குச் சட்டை தைக்கலாம் என்றாய். அப்போதே உன் மண்டைக்குள் திட்டம் உருவாகியிருக்க வேண்டும்.

நான் அன்றே விரதம் தொடங்கினேன். காலையில் வெந்நீரில் தேன், மத்தியானம் கொள்ளு ரசம், ராத்திரிக்கு மோர். நாலாம் நாள் குழாயடியில் தலை சுற்றிக் குடத்தோடு உட்கார்ந்துவிட்டேன். உள்ளே பிள்ளை பால் போதாமல் வீறிட்டுக்கொண்டிருந்தது. நீ ஒரு தட்டு நிறையச் சுறாப்புட்டோடு வந்தாய். உன் அம்மா சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிக் கூடையில் கொண்டுவருகிற பால்சுறா. உனக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை.

"கொயந்தைக்குப் பால் குடுக்கறவ பட்னி கெடப்பாளா? துன்னுமே. நான் சொல்றத துன்னு, சாயங்காலம் நட. வெள்ளிக்கெயம வெள்ளிக்கெயம வந்து இத்த போட்டுப் பாரு. ஒரு கொக்கி ஏறலன்னா என் பேர மாத்திக்கறேன்."

தின்றேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கீரையும் மீன் குழம்பும் வயிறு நிறையச் சோறும். வடை, அப்பளம், நெய்யில் மிதக்கிற சமாசாரம் எல்லாம் நிறுத்தம். சாயங்காலம் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு ரங்கநாதன் தெரு வழியாகப் பனகல் பார்க் வரைக்கும் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவேன். முதல் வெள்ளிக்கிழமை உன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரவிக்கையைப் போட்டேன். கை நுழைந்ததே பெரிய விஷயம். அடுத்த வெள்ளி ஒரு கொக்கி மாட்டியது. அதற்கடுத்த வெள்ளி இரண்டு. நான் குதித்தேன், நீ பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாய். சிரிப்பை அடக்கத்தான் நூலைக் கடித்தாய் என்று இப்போது புரிகிறது.

ஒரு வாரம் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய் நாலு ஜாங்கிரி தின்றுவிட்டு, பயந்துகொண்டே வெள்ளிக்கிழமை வந்தேன். அந்த வாரமும் ஒரு கொக்கி அதிகம் மாட்டியது! அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லையே. பனகல் பார்க் நடைக்கு ஜாங்கிரியைக் கரைக்கிற சக்தி உண்டு என்று முடிவு கட்டினேன். வீட்டுக்காரரிடம் இளைத்துவிட்டேனா என்று கேட்டேன். பேப்பருக்குப் பின்னாலிருந்து ஆமாம் என்று பதில் வந்தது. குழாயடியில் நான் பெரிய வைத்தியச்சி ஆகிவிட்டேன். மாடி வீட்டுக்கார அம்மா என் பேச்சைக் கேட்டு ஒரு மாதம் கொள்ளு ரசம் குடித்து, இளைக்காமல் வாயுத் தொல்லையில் மாட்டிக்கொண்டார். உன்னிடம் நியாயம் கேட்க வந்தவரிடம், அது உடம்பு வாகு என்று நீ துளிகூடச் சிரிக்காமல் சொன்னாய். அப்படி ஒரு முகத்தை எங்கே கற்றுக்கொண்டாய்?

ஏழாவது வெள்ளி ஆறு கொக்கியும் மாட்டியது. மூச்சும் விட முடிந்தது. நீ டிராயரைத் திறந்து கடிதத்தை என் கையில் கொடுத்தாய். நான் அதைக் கிழித்து உன் வெட்டுத்துணி மூட்டையில் போட்டேன். அந்த வாரமே அதே அளவில் ஆறு வெள்ளை ரவிக்கையும் தைத்துக் கொடுத்தாய், கச்சிதமாக இருந்தன.

திங்கட்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் எலெக்ட்ரிக் ட்ரெயினுக்குக் காத்திருக்கும்போது சும்மா இருக்கக் கூடாதா? விளக்குச் சுற்றுகிற எடை மெஷினில் ஏறிக் காசு போட்டேன். சீட்டு விழுந்தது. பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது இருந்ததைவிட இரண்டு கிலோ கூடுதல்! சாயங்காலம் சீட்டோடு நேரே உன்னிடம்தான் வந்தேன். நீ கொஞ்சம் வெலவெலத்தாய், அதையும் இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். பின்னால் இங்கிலீஷில் ஏதோ போட்டிருக்கிறதே, படி என்றாய். ஜோசியம். 'நீங்கள் எளிதில் ஏமாறாதவர்' என்று தமிழில் சொன்னேன்.

அவ்வளவுதான். நீ மெஷின் மேல் கவிழ்ந்துவிட்டாய். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாய். உன் பிள்ளைகள் மூன்றும் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தன. ஸ்டேஷன் மெஷின் பொய் சொல்கிறது, அதற்குத்தான் நீ சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆபீஸில் எனக்குப் பேர் வைத்தார்களா என்று நீ கேட்டாய். வைத்திருந்தால் என் காதுக்கு வரவில்லை. நான் நிமிர்ந்து நடந்து போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். நான் தண்ணி டாங்கி என்று பேர் வைத்தவளிடம் போய் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னேன். அதன் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் படித்ததெல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

அடையாறு ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. எலும்பும் தோலுமாகக் கிடந்தாய். போர்வையை உன் தோள் வரை இழுத்துவிட்டேன். நீயோ என் இடுப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டாய்: "அந்த மயில்கயுத்து ஜாக்கெட்ட வெச்சினுகீறியா? உள்பக்கம் பாத்தியாமே?" ஏன், கிழிந்திருக்கிறதா என்று கேட்டேன். நீ சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸம்மா வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். மருந்து மயக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை மகளும் அப்படித்தான் சிரித்தாள். ஐந்து மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மடியிலிருந்த பிள்ளை திடுக்கிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைச் சொல்லிச் சொல்லித்தானேம்மா அஞ்சு மாசமா என்னைக் கொன்னே" என்றாள். தெரியாமல் சொன்னேன் என்றால் அது பதிலா? அந்த ஒட்டுத்துணியையே தடவிக்கொண்டிருந்தேன். எங்கேயோ பார்த்த துணியாக இருந்தது. அப்புறம்தான் பொறி தட்டியது. அதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு நீ தைத்துக்கொண்ட ரவிக்கை. முழங்கை வரை இருந்த கை, பங்குனியில் பார்த்தபோது இரண்டு விரல் குட்டையாகியிருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு, வெயிலுக்குக் காத்து வரட்டும் என்றாய். உனக்கு இருந்தது அந்த ஒரு நல்ல ரவிக்கை. அதன் இரண்டு கையையும் வெட்டி என் இரண்டு அக்குளுக்குக் கொடுத்திருக்கிறாய். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், போ.

பிறகு மகளிடம் நீ அன்று எனக்குச் சொன்னதைச் சொன்னேன். உன் பாஷையிலேயே சொன்னேன், எனக்கு வேறு விதமாக வரவில்லை. "ஏம்மே, ஜாக்கெட்டு பத்தலன்னா ஜாக்கெட்டத்தான் மாத்துவாங்க."

வியாழக்கிழமை இரண்டு பேருமாகப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாண்டி பஜார் போனோம். தையல்காரப் பெண் அளவு ரவிக்கை கேட்டாள். இல்லை, டேப்பிலேயே எடு என்றாள் மகள். எடுத்து முடித்ததும், அம்மா உங்களுக்கும் எடுக்கட்டுமா என்று அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கையைத் தூக்கி நின்றேன். அவள் நம்பரைச் சத்தமாகவே சொன்னாள். கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போன் போட்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

ரவிக்கையை மறுபடி பீரோவில் வைத்துவிட்டேன், இந்தத் தடவை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து.

பாத்துட்டேன்மே.