விரலில் சுற்றிய தங்கூசி

12 ஆகஸ்ட் 1984, ஞாயிறு

கொடுவா மீன் தூண்டிலில் தடித்த தங்கூசி நரம்பைக் கண்டால் இரையைத் தொடாது. அதனால் பாசிர் பெனம்பாங் கடையில் மெல்லியதாகப் பார்த்து நான்தான் வாங்கினேன். மனைவியின் தம்பி செல்வம், தடித்ததைச் சுற்றிப் பழகியவன், இதையும் விரல்களில் சுற்றிக்கொண்டான்.

“இது மெல்லிசுடா, கையை அறுத்துடும்.”

“மொதல்ல மீன் வரட்டும் லா, மாமா.”

வந்தது. நான் கத்தியால் அறுப்பதற்குள் தங்கூசி எலும்புவரை இறங்கிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் வலது கை. தையல் போட்ட டாக்டர், விரல் கறுத்தால் உடனே கூட்டிவரச் சொன்னார்.

செல்வம் கூடத்தில் தூங்குகிறான். இப்போது விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். நகம் கறுத்திருக்கிறதா, என் நிழலா, தெரியவில்லை. சுண்டுவிரல் சில்லென்றிருந்தது. கிள்ளினேன். அழுத்திக் கிள்ளினேன். அவன் விழிக்கவில்லை.

கார்ச் சாவியை எங்கே வைத்தேன்.