குழாயில் வெளுப்பு

செவ்வாய் நிலையம், நாள் 211. காலை 07:10
உயிர்வேதியியலாளர் தேன்மதி எழுதுவது. வயிற்றில் எட்டாம் மாதக் குழந்தை. கணவர் இளவழகனும் மற்ற இருவரும் பனிச்சுரங்கத்துக்குப் போயிருக்கிறார்கள். கிளம்பும் முன் வளைகாப்பு நடத்தி, ஐந்து வகைச் சோறு கிளறி வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாவற்றிலும் நெய் மிதக்கிறது. வாராந்திர ரத்தப் பரிசோதனை முடிந்தது. கணையம் சுரக்கும் செரிமான நொதி அமைலேஸ் சரியான அளவு. எந்திரம் பச்சை விளக்குக் காட்டியது.

நாள் 212. பிற்பகல் 15:40
மேல்வயிற்றில் வலி. முதுகு வரை இழுக்கிறது. வாந்தி. மறுபடி அமைலேஸ் பார்த்தேன். அதே பச்சை விளக்கு.
பூமியிலிருந்து வந்த ஒலிப்பதிவில் டாக்டர் ஹெலன்: "அமைலேஸ் நார்மலாத்தான் இருக்கு தேன்மதி. கணையத்துல ஒண்ணுமில்ல. இந்த மாசத்துல நெஞ்செரிச்சல் வர்றதுதான்."
அதே ஒலிப்பதிவில் மாமியார்: "வாயும் வயிறுமா இருக்கவ பட்டினி கெடக்கலாமாம்மா? ரெண்டு வாய் நெய்ச்சோறு தின்னு, எல்லாம் சரியாப் போவும்."
தின்றேன். மாமியார் சொல்லுக்கு முன்னால் என் படிப்பெல்லாம் எந்த மூலைக்கு?

நாள் 213. காலை 06:05
நிமிர முடியவில்லை. குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறது.
வானொலியில் இளவழகன்: "புழுதி கண்ண மறைக்குது மதி. வண்டி நகரல. பல்லக் கடிச்சிட்டு இரு, வந்துருவேன்."
எந்திரத்துக்குள்ளிருந்து குழாயை உருவி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். ரத்தத்தின் மேல் தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், கஞ்சித் தண்ணீர் போல் வெளுத்திருந்தது. அத்தனையும் கொழுப்பு. கர்ப்பத்தில் ரத்தக் கொழுப்பு இப்படி ஏறினால் கணையத்தையே புண்ணாக்கிவிடும். கொழுப்பு இவ்வளவு கலந்தால் எந்திரம் அமைலேஸைக் குறைத்துக் காட்டும். தெரியும். மாணவர்களுக்குப் பாடமே நடத்தியிருக்கிறேன். பாவி, குழாயைக் கண்ணால் பார்க்கவில்லையே!
கொழுப்பு மறைக்காதபடி நீர் கலந்து மறுபடி ஓட்டினேன். அமைலேஸ் உச்ச வரம்பைப் போல் ஒன்பது மடங்கு. கணையம் வெந்துகொண்டிருக்கிறது. எரிகிற நெருப்பில் நானே நெய்யை ஊற்றியிருக்கிறேன்.

நாள் 213. பிற்பகல் 13:30
கடைசி சலைன் பை ஏறுகிறது. மூச்சு வாங்குகிறது.
டாக்டர் ஹெலன்: "என்னை மன்னிச்சிரும்மா. நான் சரியா கேக்கல. குழந்தைய இப்பவே எடுத்துரு. அறுவை எந்திரம் பாத்துக்கும்."
இன்னொரு எந்திரம். வேறு வழியில்லை. பயமாக இருக்கிறது. இளவழகா, எங்கே இருக்கிறாய்?

நாள் 213. நேரம் தெரியவில்லை
பெண். அழுகிறாள். கண்ணாடித் தொட்டில் பக்கத்தில்தான். கை எட்டவில்லை.
கதவைத் திறப்பவருக்கு. முதலில் அவளைத் தூக்குங்கள். என்னை அப்புறம் பார்க்கலாம்.
கொழுப்பேறும் இந்த ரத்தம் அவளுக்கும் வந்திருக்கலாம். நாளைக்கு அவளும் பிள்ளை உண்டாவாள். யாரும் நெய்ச்சோறு ஊட்டாதீர்கள். பச்சை விளக்கை நம்பாதீர்கள். குழாயை எடுத்து வெளிச்சத்தில்