ஆழத்துச் சுறாவின் ஒரே குட்டி

என் ஜமால் மாப்ளைக்கு,

உன்னை மண்ணில் வைத்து நாற்பது நாளாகிவிட்டது. நேற்று கோரிப்பாளையத்தில் உங்கள் வீட்டில் பாத்திஹா ஓதினார்கள். எனக்கும் நெய்ச்சோறு வைத்தார்கள். சாப்பிட்டேன். அழுகை மட்டும் இன்னும் வரவில்லை.

அந்தச் சுறாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். யுத்தத்தால் சீமை மீன் எண்ணெய் வரத்து நின்றதும், ஈரலுக்காகத் தூத்துக்குடிக்காரர்கள் சுறாவுக்கு அதிக ஆழத்தில் தூண்டில் போட ஆரம்பித்தார்கள். அதில் மாட்டிய ஒன்றை நீ ஐஸும் மரத்தூளும் போட்டு ரயிலில் கொண்டுவந்தாய். நம் கல்லூரியின் விலங்கியல் கூடத்து மேசையில் வைத்து நீ அறுத்தாய், நான் வரைந்தேன். கரிய உடம்பு. வெளிச்சம் எட்டாத இடத்தில் பார்ப்பதற்கென்று பெரிய பச்சைக் கண்கள். ஓர் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வயிற்றைத் திறந்ததும் ஈரல் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"மத்த மீனு மாதிரி இதுக்குக் காத்துப்பை இல்ல மாப்ள. இம்புட்டு எண்ணெயும் அமிழ்ந்துபோகாம இருக்கத்தான்" என்றாய்.

பிறகு கருப்பைகள். இரண்டு இருந்தன. ஒன்றில், மஞ்சள் கருவைச் சுமந்தபடி ஒரே ஒரு குட்டி. மற்றது சுருங்கிக் கிடந்தது. நீ கத்தியை வைத்துவிட்டு, சுருங்கிய பையை விரலால் தடவிப் பார்த்தாய்.

புரொபசர் கட்டுரைக்குப் படம் கேட்டார். "குட்டி ரெண்டு இருந்திருக்கும். மேல இழுக்கறப்ப ஒண்ணு நழுவிப் போயிருக்கும். ரெண்டாவே போடுங்க" என்றார். எனக்குத் தற்காலிக வேலை. போட்டேன். முதல் குட்டியைப் பார்த்தே இரண்டாவதையும் வரைந்தேன். நன்றாகத்தான் வந்தது.

நீ படத்தைப் பார்த்தாய். "குட்டி இருந்த பையின்னா தடிச்சு, ரத்தக்குழாய் ஓடிக் கெடக்கும். அது வெறும் தோலாட்டம் இருந்துச்சு. இல்லாததை எப்படிடா வரைஞ்ச?"

"உனக்கென்ன, போறது என் வேலைதான" என்றேன்.

நீ எழுந்து போனாய். அதன்பின் நாம் பேசவில்லை. பதினோரு நாள். உனக்குக் காய்ச்சல் என்று ஐந்தாம் நாளே எனக்குத் தெரியும், மாப்ள. நீயே ஆளனுப்புவாய் என்று இருந்துவிட்டேன். டைபாய்டு என்று கேள்விப்பட்டு வந்தபோது, உங்கள் வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன.

நேற்று உன் அத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காய்ச்சல்ல 'ஒண்ணுதான், ஒண்ணுதான்'னு சொல்லிக்கிட்டே கெடந்தான் தம்பி. அல்லாவத்தான் சொல்றான்னு நாங்க நெனச்சோம். அப்படித்தான?"

"ஆமாங்கத்தா" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னது பொய்யா, மாப்ள? உன்னைத் தவிர யாரிடம் கேட்பது?

இன்று காலை புதுப் படத்தோடு புரொபசரிடம் போனேன். "பழைய படம் தப்பு சார். நான் பார்க்காததைப் போட்டுட்டேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. அந்தக் கருப்பைகளைப் போட்டு வைத்திருந்த ஜாடியைக் கொண்டுவரச் சொன்னார். பார்மலினிலிருந்து எடுத்து, இரண்டு பைகளையும் விரலால் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "ஜமால் சொன்னதுதான் சரி" என்றார். கட்டுரை உன் பெயரில் போகிறது. என் வேலையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பழைய படத்தை அங்கேயே கிழித்தேன். மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. கையில் பார்மலின் வாடை மட்டும் இருந்தது. கழுவிவிட்டுப் போய் இட்லி தின்றேன்.

ஒரே ஒரு தாய்மீனைப் பார்த்து அந்த இனத்துக்கே ஒரு குட்டிதான் என்று எழுதிவிட முடியாது என்கிறார் புரொபசர். நியாயம்தான். அதனால் லீவு விடும்போதெல்லாம் தூத்துக்குடிக்குப் போகப்போகிறேன். ஆழத்துச் சுறா எது கரைக்கு வந்தாலும், ஈரலை எடுக்கிறவர்கள் பக்கத்தில் நின்று அதன் வயிற்றைப் பார்ப்பேன். எதிலாவது இரண்டு குட்டி இருந்தால், இரண்டு என்றே வரைவேன். நீ தப்பாகச் சொல்லிவிட்டாய் என்று உனக்கே எழுதுவேன். சத்தியம்.

உன் மாப்ள,
சுந்தரம்