கவனக்குறைவு

2025 ஜூன் 18, புதன்
பேத்தி ஜெசியின் இரட்டைக்கோடு நோட்டைத் திருத்தினேன். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தா இது? கோட்டைத் தாண்டி ஓடுகிறது. ‘கவனக்குறைவு. பத்து தடவை எழுதுக’ என்று சிவப்பு மையில் போட்டுத் தேதியிட்டேன். என் பேத்தி என்றால் மட்டும் விட்டுவிடுவதா?

ஜூன் 27
இன்றும் சிவப்பு மையில் அதே சொல்.

ஜூலை 9
எழுதச் சொன்னதும் வலது கை திருகி இறுகிக்கொண்டது. ஒரு நிமிஷம்தான். “கை தானா இழுக்கு, தாத்தா.” என் வகுப்பில் கணக்குப் பாடம் என்றதும் வயிற்றைப் பிடிப்பானே ஞானசம்பந்தன், லீவு மணிக்கு முதல் ஆளாக ஓடுவான்! அப்படி எத்தனை பேர், முப்பத்து நாலு வருஷ வாத்தியார் வேலையில். “நடிக்காத ட்டி” என்றேன்.
அழவில்லை. இடது கையால் எழுதினாள்.

ஜூலை 21
இட்லியைப் பிட்டபோது அந்த இழுப்பு வந்தது. தட்டு கவிழ்ந்தது. பசித்த பிள்ளை சாப்பாட்டைக் கொட்டியா நடிக்கும்?

ஆகஸ்ட் 4
நரம்பு டாக்டர் ஸ்கேன் பார்த்தார். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நரம்பு, மேலுறை அங்கங்கே உரிந்த வயர் மாதிரி; மூளை ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்கிறது. சிறுபிள்ளைகளுக்கு அபூர்வமாம்.
“எப்பம்மா ஆரம்பிச்சிச்சு?” என்று கேட்டார்.
மகள் ரீபா விழித்தாள். எனக்குத் தெரியும். சிவப்பு மையில் தேதியோடு இருக்கிறது. வாயைத் திறக்கவில்லை நான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
சபையோடு சேர்ந்து பாவ அறிக்கையைச் சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற ரீபாவிடம் ஒரு வார்த்தை வரவில்லை. என்ன மனுஷன் நான்?

ஆகஸ்ட் 11
நோட்டை டாக்டர் மேசையில் வைத்துச் சொல்லிவிட்டேன். ரீபா பக்கம் பக்கமாகப் புரட்டினாள். “இவ்வளவு நடந்திருக்கு, எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே இவ. உங்கள விட்டுக்குடுக்கலப்பா.” ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.
டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் எத்தனை தடவை இழுக்கிறது என்று குறித்து வரவேண்டுமாம்.
“தாத்தா எழுதட்டும்” என்றாள் ஜெசி. “அவங்கதான் ஒழுங்கா தேதி போடுவாங்க.”

ஆகஸ்ட் 12
பதினொன்று.

ஆகஸ்ட் 29
நான்கு.

செப்டம்பர் 14, ஞாயிறு
கோயில் ஆராதனைக்குக் கிளம்பிய அவசரத்தில் காலையில் வந்த இழுப்பைக் குறிக்க மறந்தேன். மத்தியானம் நோட்டைத் திறந்தால், என் சிவப்புப் பேனாவால், கோட்டைத் தாண்டி ஓடும் எழுத்தில்: ‘கவனக்குறைவு. பத்து தடவை எழுதுக.’
உட்கார்ந்து எழுதினேன். ஏழாவதில், “கை வலிக்கு ட்டி” என்றேன்.
“நடிக்காதீங்க, தாத்தா.”
பத்தும் எழுதி முடித்தேன்.