பானெட் மேல் இருந்த ரப்பர்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலம்தான். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எனக்கு ஒன்றும் ஆகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் வெளியே கொட்டிவிட்டது. மெக்கானிக் எதற்கு, நானில்லையா என்று வாசலிலேயே ஜாக்கி போட்டு இறங்கிவிட்டேன். ஆக்சிலைக் கழற்றி, ஜாயின்ட்டைப் பிரித்துத் துடைத்து, புது கிரீஸ் அடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிச் சக்கரத்தையும் முடுக்கிவிட்டு நிமிர்ந்தேன். என்னோடு தங்கியிருக்கும் சமையல்காரர் பானெட்டைக் காட்டி, "அண்ணே, இந்த ரப்பர் எதுக்கு?" என்றார்.

புது உறை. ஜாயின்ட்டைப் பூட்டுவதற்கு முன்னால் நுழைத்திருக்க வேண்டியது. மாப்பிள்ளையை விட்டுவிட்டுக் கல்யாணத்தை முடித்த கதைதான். மறுபடி முதலிலிருந்து கழற்றினேன்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பாய். நானும் கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடுகிறது. சமையல்காரர் ஹாரன் அடிக்கிறார், வேலைக்குக் கிளம்பணும். இங்கே கை துடைக்க நல்ல துணியே கிடைப்பதில்லை. உன் பழைய காட்டன் புடவை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், கட்டியதை அப்படியே அனுப்பு.

உன் வீட்டு மெக்கானிக்