யதுஷா கையை நீட்டினாள், அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

உன் மகளுக்கு நேற்று இரத்தம் ஏற்றியாகிவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியை நீ நிம்மதியாகக் கேட்கமாட்டாய்.

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை வருகிறது. சுகமா என்று எனக்குத் தெரியவில்லை. சோறாக்குகிறேன், உடுப்புத் தோய்க்கிறேன், துக்கம் கேட்டு வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுக்கிறேன். அழுகை மட்டும் வருவதில்லை. டெங்குக் காய்ச்சல் உன்னை ஒரு கிழமைக்குள் கொண்டுபோனது. செத்தவீட்டில் அழுத பெண்கள் என்னைப் பார்த்து, "கல்லுப்போல நிக்காள்" என்றார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் மூடப் போகவுமில்லை.

ஆனால் யதுஷாவுக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்றும் முறை யாருக்கும் காத்திருக்காதே. தலசீமியாப் பிள்ளைக்கு இரத்தம் குறைந்தால் எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்? நகமெல்லாம் வெளுத்து, நாலடி நடக்க மூச்சு வாங்கி, பள்ளிக்கூடத்தில் மேசையிலேயே தூங்கிப்போனாளாம். பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் தாண்டி டவுனுக்குப் போகும்வரை பஸ்ஸில் என் மடியிலேயே கிடந்தாள்.

நீ செய்வதையெல்லாம் செய்தேன். டாக்டர் தந்த, தோலை மரக்கவைக்கும் களிம்பை வீட்டிலேயே முழங்கை மடிப்பில் பூசி, பொலித்தீன் சுற்றிக் கட்டினேன். வேலை செய்கிறதா என்று என் கையிலும் கொஞ்சம் பூசிக் கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. களிம்பு பூசாத இடமும் எனக்கு இப்போது அப்படித்தான் இருக்கிறது, அக்கா.

ஆஸ்பத்திரி வோட்டில் அவளைக் கட்டிலில் கிடத்தவிடவில்லை. மடியில், நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன். நோகாது என்று சொல்லவில்லை. "கொஞ்சம் நோகும், மறுகா போயிரும்" என்று நீ சொல்கிறபடியே சொன்னேன். குரவையை மட்டும் அவளே போட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

அம்மன் கோயிலில் பெண்கள் போடும் குரவையை ஆஸ்பத்திரி வோட்டுக்குக் கொண்டுபோன ஒரே ஆள் இந்த மட்டக்களப்பில் நீயாகத்தான் இருப்பாய். ஊசி ஏறும் நேரம் பிள்ளை நாக்கை ஆட்டி நீளமாகக் குரவை போட வேண்டும். மூச்சு வெளியே போகும், கவனம் நாக்குக்குப் போகும், கை தன்பாட்டில் தளரும். முதல் தடவை நர்ஸ் மிஸ் ஏசினாராம். பிறகு அவரே ஊசியைப் பிடித்துக்கொண்டு, "எங்க மகள் குரவ?" என்று காத்திருப்பாராம். பக்கத்துக் கட்டில் ஏறாவூர்ப் பிள்ளையும் பழகிவிட்டாள் என்றும், எங்கள் கலியாண வீட்டிலும் குரவை உண்டுதானே என்று அவளுடைய உம்மா சொன்னதாகவும் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய்.

நேற்று மிஸ் ஊசியோடு வந்ததும் யதுஷா மற்றக் கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். உடம்பு விறைத்துவிட்டது. கையை இழுத்தாள், நரம்பு விலகியது. இரண்டாம் தரமும் சரிவரவில்லை. இரத்தம் எடுக்காமல் பொருத்தம் பார்க்க முடியாது, பொருத்தம் பார்க்காமல் ஏற்றவும் முடியாது. பெற்ற தகப்பன் என்றாலும் அத்தான் வாசலோடு நின்றுவிட்டார். இரத்தத்தைக் கண்டால் அவருக்குத் தலை சுற்றுவது உனக்குத் தெரியும்தானே. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு அமத்திப் பிடிப்போமா என்று மிஸ் கேட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், பின்னால் எத்தனையோ பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க மிஸ்" என்றேன். பிள்ளையின் காதோரம் குனிந்து, "ஏன் மகள் குரவ போடல்ல?" என்று கேட்டேன்.

விரல்களுக்கு நடுவால் சொன்னாள். "மாமி சொன்ன, செத்த வீட்டுப் புள்ள குரவ போடக்கூடாதாம். போட்டா, அம்மா செத்தது எனக்குச் சந்தோசம் எண்டு ஆக்கள் நினைப்பாங்களாம்."

உன் மச்சாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபமும்தான் இப்போது வருவதில்லையே. அடுத்த தெருவில் பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக் குரவையோடு இவளும் சேர்ந்துவிடக்கூடாது என்று நினைத்துச் சொல்லியிருப்பா. சாவுத் துடக்குள்ள வீட்டில் குரவை எழக்கூடாது என்பது நானும் நம்புகிற முறைதான். ஊசிக்குப் பயந்த பிள்ளையைத் தேற்ற எனக்குத் தெரியும், நீ காட்டித் தந்திருக்கிறாய். உன்னை அவமதித்துவிடுவோமோ என்று பயப்படும் பிள்ளையை எப்படித் தேற்றுவது?

"நீ போடவேணாம், நான் போடுறன்" என்றேன்.

உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் இன்னும் கழியவில்லை. அத்தனை தாய்மாரும் பார்த்துக்கொண்டிருக்க வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வராத பைப்பைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. யாரோ சிரித்தார்கள். மறுபடியும் போட்டேன், அது இன்னும் கேவலம். யதுஷா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிள்ளைக்கு என்னால் வெட்கமாகிப்போனது.

"இப்பிடி இல்ல சின்னம்மா! நாக்க ஆட்டணும்."

வாயிலிருந்து கையை எடுத்தாள். மற்றக் கையை மிஸ்ஸிடம் நீட்டிவிட்டு, எனக்குப் போட்டுக் காட்டினாள். முழு வோட்டும் திரும்பிப் பார்த்தது, அக்கா. அந்த ஒரே மூச்சுக்குள் மிஸ் ஊசியை ஏற்றிவிட்டார். குழாய் நிறைந்தது. "முடிஞ்சிற்றா?" என்று கேட்டாள். முடிந்திருந்தது.

இரத்தம் ஏற்றி, உதட்டில் நிறம் வந்த பிறகு பின்னேர பஸ்ஸில் திரும்பினோம். அத்தான் முன் சீட்டில் தூங்கிப்போனார். பாலத்தில் ஏறும்போது வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

"சின்னம்மா, அம்மாக்கு ரத்தம் எடுக்கக்குள்ள ஆர் குரவ போட்ட?"

அக்கா, இவளுக்கு இத்தனையும் பழக்கிய நீ, உனக்கு ஊசி என்றால் கண்ணை இறுக்கி மூடுகிறவள். காய்ச்சல் வோட்டில் காலையும் மாலையும் உன் கையில் குத்தி எடுத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். நெற்றியைத் தடவினேன், "ஒண்டுமில்லக்கா" என்றேன். வளர்ந்தவர்களுக்கு நோகாது என்று யார் சொன்னது?

ஏதாவது பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். உன் பிள்ளையிடம் அது எடுபடாது.

"ஒருத்தரும் போடல்ல மகள்."

"அப்ப அம்மாக்கு நொந்திருக்கும், என்ன?"

"ஓம் மகள். நொந்திருக்கும்."

அவள் அழத் தொடங்கினாள். உன் செத்தவீட்டிலும் அழாத பிள்ளை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். நான் அவளைத் தேற்றவில்லை, நிறுத்தச் சொல்லவுமில்லை. வீடு வரும்வரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதமும் நான்தான் கூட்டிப்போவேன், அதற்கடுத்த மாதமும். ஊசியைப் பற்றிக் கேட்டாலும் உன்னைப் பற்றிக் கேட்டாலும், நோகாது என்று அவளிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பிள்ளைக்குச் சின்னம்மா, உனக்கு என்றைக்கும் தங்கச்சி,
மாலா