அம்மாவின் காலுக்கு எட்டும் பிரேக்

நடக்கும்போதே சட்டைப் பையைத் தட்டி, வண்டிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் என் அன்பு அப்பாவுக்கு,

நீங்கள் இல்லாமல் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. நான் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்தக் கார் விஷயம் பாதியில் நின்றுபோனதே, அது என்ன ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு யார் உங்களுக்குச் சொல்வார்கள்?

இதை எங்கள் பள்ளி மலருக்கும் கொடுக்கப்போகிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டேன். “எழுது. ஆனா என் காலைப் பத்தி எழுதுறதா இருந்தா தப்பில்லாம எழுது” என்றார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் மறுபடி சொல்வேன். படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும் அல்லவா?

அம்மா பிறவியிலேயே குள்ளம். உடம்பு மற்றவர்களுக்கு இருக்கும் நீளம்தான். கையும் காலும்தான் குட்டை. ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருக்கும்போது மற்ற டீச்சர்களின் தலையோடு அவர் தலையும் சமமாகத் தெரியும். எழுந்து நிற்கும்போதுதான் வித்தியாசம். குள்ளம் என்ற சொல்லுக்கு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாப்பா என்ற சொல்லுக்குத்தான் கோபம் வரும்.

நீங்கள் பைக்கில் கொண்டுபோய் விட முடியாத நாட்களில் அம்மா உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போவார். பஸ் படி உயரம். அவர் கம்பியைப் பிடிப்பதற்குள், பின்னால் நிற்கும் யாராவது கேட்காமலே இரண்டு கைகளாலும் தூக்கி மேலே விட்டுவிடுவார்கள். “ஏறு பாப்பா, ஏறு.” முகத்தைப் பார்த்த பிறகு, “ஐயோ, மேடமா!” அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு டிக்கெட் வாங்குவார். அந்த மாதிரி நாட்களில் வீட்டுக்கு வந்ததும் வெகுநேரம் முகம் கழுவுவார். நீங்கள் குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே செய்தித்தாளைப் புரட்டாமல் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கம்பெனி வேன் ஓட்டும் நீங்கள், சொந்தமாக அந்தப் பழைய சின்னக் காரை வாங்கியது அம்மாவுக்காகத்தான். அம்மாவே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது உங்கள் ஆசை. அதை அவருக்குச் சொல்லாமல் செய்து காட்ட வேண்டும் என்பது இன்னொரு ஆசை. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில் இருந்தேன். நானும் அம்மாவும் கண்ணாடி முன்னால் நின்றால் இரண்டு தலையும் ஒரே கோட்டில் இருக்கும். “அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது” என்று சொல்லி என்னை அரியமங்கலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். ஜமால் பாயின் பட்டறையில் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தீர்கள்.

“ஓட்டப்போறது இந்தப் பொண்ணா சார்? லைசென்ஸ் குடுக்க மாட்டாங்களே!” என்றார் பாய்.

“இவ அம்மாவுக்கு பாய். ரெண்டு பேரும் சரியா ஒரே உயரம். இவளை வச்சே அளந்துடுங்க.”

பாய் டேப்பைப் பிடித்தார். இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து பாதம். நான் எவ்வளவு பெருமையாக உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? மூன்று பெடல்களின் மேலும் அலுமினியக் கட்டைகள் வைத்து நட்டு போட்டு முறுக்கினார்கள். சீட் மேல் ஒரு கெட்டி மெத்தை. நீங்கள் முழங்கால் இரண்டையும் வெட்டுக்கிளி மாதிரி மடக்கிக்கொண்டு அதை வீட்டுக்கு ஓட்டி வந்தீர்கள். வழியெல்லாம் நாம் சிரித்தோம்.

அம்மா காரில் ஏறி உட்கார்ந்தார். தலை கூரையைத் தொட்டது. கால் பெடலுக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது.

அம்மா, “யாரை அளந்தீங்க?” என்று கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

“உயரம் ஒண்ணா இருந்தா காலும் ஒண்ணாயிடுமா? பன்னெண்டு வருஷமா கூட இருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா? நீங்களும் என்னைப் பாப்பான்னுதான் நினைச்சுட்டீங்க.”

“இல்ல செல்வி, உனக்கு ஒரு சந்தோஷமா இருக்கட்டும்னு…”

அம்மா சீட்டிலிருந்து குதித்து இறங்கி உள்ளே போய்விட்டார். அன்று குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதன் பிறகு நீங்கள், “பாய்கிட்ட ஒருதடவை வந்துட்டுப் போயேன்” என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். “அப்புறம் பார்க்கலாம்” என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். கார் உறை போட்டபடி தெருவோரம் நின்றது. மழை ஆரம்பித்த ஒரு காலையில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தீர்கள். எதிர்வீட்டு அண்ணனின் ஆட்டோவில்தான் உங்களை ஏற்றினோம். ஆட்டோ காரைத் தாண்டித்தான் போனது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அதைப் பற்றி அவர் இதுவரை என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்த உறையை யாரும் எடுக்கவில்லை. பெரியப்பாதான் அவ்வப்போது வந்து டயரை அழுத்திப் பார்ப்பார்.

“செல்வி, வண்டி சும்மா நிக்க நிக்க வீணாத்தாம்மா போகும். ஒரு ஆள் கேட்கிறாரு. குடுத்துடலாமா?”

“உங்க இஷ்டம் மாமா” என்றார் அம்மா. கார் போய்விட்டால், நீங்கள் தப்பாக அளந்தது மட்டும்தானே மிச்சம் இருக்கும்? சரிசெய்வதற்கு ஒன்றும் இருக்காதே?

வாங்க வந்தவர் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். “என்னங்க இது, பெடல் மேல பெடல்! குழந்தைங்க விளையாடுற வண்டியா?”

“அது ஒண்ணும் இல்லைங்க. நட்டைக் கழட்டினா கையோட வந்துடும்” என்று பெரியப்பா ஸ்பேனரோடு காருக்குள் குனிந்தார்.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த அம்மா சிவப்புப் பேனாவோடு வெளியே வந்தார். “கழட்டாதீங்க மாமா.”

“ஏம்மா?”

“அது என் வண்டி. நான் ஓட்டப்போறேன்.”

வந்தவர் அம்மாவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “நீங்களா?”

“ஆமாங்க. உங்களுக்கு வீண் அலைச்சல். காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க.”

வாங்க வந்தவர் குழந்தை என்று சொன்னதாலா, பெரியப்பா ஸ்பேனரை எடுத்ததாலா, எதனால் அம்மா அப்படிச் சொன்னார்? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது பேட்டரி போட்டு, கட்டைகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பெரியப்பா ஓட்ட, மூன்று பேரும் அரியமங்கலம் போனோம். ஜமால் பாய் எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

“சார் மறுபடி வந்தாரு டீச்சர். ‘நான் தப்பா அளந்துட்டேன் பாய், அவங்களே வந்து உட்காரட்டும், அதுவரைக்கும் எதையும் மாத்த வேணாம்’னு சொல்லிட்டுப் போனாரு.”

“எப்ப வந்தாரு?”

“வண்டி எடுத்துட்டுப் போன அடுத்த வாரமே.”

அம்மா செருப்பைக் கழற்றினார். பிறகு யோசித்து மறுபடி போட்டுக்கொண்டார். “செருப்போடதானே ஓட்டப்போறேன். அளந்துக்குங்க பாய்” என்று சொல்லி ஏறி உட்கார்ந்தார்.

பாய்க்குக் கூச்சம். டேப்பை என்னிடம் நீட்டி, “நீ பிடிம்மா, நான் எழுதிக்கிறேன்” என்றார். அப்பா, நான் அன்றுதான் அம்மாவின் காலை நன்றாகப் பார்த்தேன். தொடையும் குட்டை, கீழ்க்காலும் குட்டை. முழங்கால் கொஞ்சம் வெளிப்பக்கம் வளைந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாம் இரண்டு பேரும் இதைப் பார்க்கவே இல்லையே!

அம்மா பாடம் நடத்துவது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மெத்தை பாதி கனம் போதும், ஏனென்றால் தலைக்கு உயரம் தேவையில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தை வேண்டும், கை ஸ்டியரிங்குக்கு வர வேண்டும். ஆனால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் இடம் இருக்க வேண்டும். அதனால் அவர் பெடலை நோக்கி நகரக் கூடாது, பெடல்தான் அவரை நோக்கி வர வேண்டும். பாய் நீளமான கட்டைகளை மாட்டினார். கால் எட்டியது. எனக்குக் கைதட்டத் தோன்றியது. அம்மா மட்டும் முகம் சுளித்தார்.

“பெடல் எட்டுது பாய். ஆனா குதிகால் அந்தரத்துல தொங்குது. ஊன்ற இடம் இல்லாம பிரேக்கை எப்படி மெதுவா மிதிக்கிறது?”

பாய் தலையைச் சொறிந்தார். “அட, அதை நான் நினைக்கவே இல்ல டீச்சர்.”

“நீங்க எப்படி நினைப்பீங்க? நாற்காலியில உட்கார்ந்தா உங்க கால் தரையில இருக்குது. எனக்கு எல்லா நாற்காலியும் இப்படித்தான்.”

பெடலுக்குக் கீழே ஒரு மேடை கட்டி, ரப்பர் ஒட்டி, தரையோடு போல்ட் போட்டார்கள். அம்மா குதிகாலை அதில் ஊன்றி, பிரேக்கை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். பெரியப்பா என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சாலைக்கு அந்தப் பக்கம் போய் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். அழுகையோடு இளநீர் குடித்தால் புரை ஏறும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

வண்டியில் செய்த மாற்றத்துக்கு அனுமதி, டாக்டர் சான்றிதழ், பழகுநர் உரிமம் என்று நிறைய அலைந்தோம். ஓட்டக் கற்றுக்கொடுத்தது பெரியப்பாதான். கற்றுக்கொடுத்தார் என்பதைவிடப் பயந்தார் என்று சொல்லலாம். மன்னார்புரம் பக்கம் ஒரு காலி மைதானத்தில், முன்சீட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, “பிரேக்கு, பிரேக்கு! செல்வி, பிரேக்கு!” என்று கத்துவார்.

“மாமா, பிரேக் என் கால்ல இருக்குது. உங்க வாயில இல்ல.”

“என் தம்பி இருந்தா உன்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பான்” என்பார். கார் மைதானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தேர்வு நாளில் பிரேக் இன்ஸ்பெக்டர் பெரியப்பாவைப் பார்த்து, “யார் ஓட்டப்போறது?” என்று கேட்டார். “நான்தான் சார்” என்றார் அம்மா. இன்ஸ்பெக்டர் குனிந்து ஒவ்வொரு கட்டையையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். மேடையைக் கையால் குத்திப் பார்த்தார். “அவசரத்துல மிதிச்சா கழண்டுக்காதே?” “நீங்களே நிறுத்தச் சொல்லுங்க சார், மிதிக்கிறேன்” என்றார் அம்மா.

அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் எடுக்கச் சொன்னார், மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி நேராக ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று, “நிறுத்துங்க!” என்றார். என் பக்கத்தில் நின்ற பெரியப்பாவின் வலது கால் மண்ணை ஓங்கி மிதித்தது. கார் அப்படியே நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து கையெழுத்துப் போடும்போது, “குதிகாலுக்கு மேடை யாரோட யோசனைம்மா?” என்று கேட்டார். அம்மா, “என் காலோட யோசனை சார்” என்றார்.

போன சனிக்கிழமை அம்மா என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு ஓட்டினார். சிறப்பு வகுப்பு இருந்தது. சிந்தாமணியில் நெரிசல். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள், அம்மா அவசரப்படவில்லை. காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று உள்ளே வந்தது. ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அம்மா, அப்பா இன்னும் ஒருதடவை கூப்பிட்டிருந்தா நீங்க பாய்கிட்டப் போயிருப்பீங்களா?”

அம்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாலம் முடிந்து மாம்பழச்சாலை வந்த பிறகுதான் பேசினார்.

“அவர் கூப்பிட வேண்டியிருந்திருக்காது. தீபாவளி லீவுல நானே கூப்பிடலாம்னுதான் இருந்தேன். கொஞ்ச நாள் கோபமா இருக்கட்டும்னு நினைச்சேன், அவ்வளவுதான். நாள் இருக்குதுன்னு நினைச்சேன்.”

உங்களுக்கு இது தெரிய வேண்டும் அப்பா. கடிதம் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அம்மா உங்கள் மேல் கோபமாகவே இருந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போயிருந்தால், அது சரியில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் இப்போது அம்மாவைவிட ஒரு தலை உயரம். பதினெட்டு வயது ஆனதும் இதே காரில் ஓட்டக் கற்றுக்கொள்வேன். அப்போது எனக்காகக் கட்டைகளைக் கழற்ற வேண்டியிருக்கும், மேடையை எடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவை ஓட்டி முடித்ததும், எவ்வளவு அவசரம் இருந்தாலும், எல்லா நட்டையும் முறுக்கி, அம்மாவின் அளவுக்கே வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். அம்மா வந்து உட்காரும்போது கால் எட்டும் அப்பா.

உங்களுக்கும் செல்வி டீச்சருக்கும் ஒரே மகள்,
தேன்மொழி
உறையூர்